எல்லோருக்கும் தெரிந்த திருட்டு

2004 அக்டோபர் 17. பாஸ்டனின் ஃபென்வே பார்க் மைதானத்தில் ஒரு திருட்டு நடக்கப்போகிறது என்பது அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். திருடப்போகிறவருக்கும் தெரியும், பறிகொடுக்கப்போகிறவர்களுக்கும் தெரியும்.

பேஸ்பாலில் திருட்டு சட்டப்படியானது. ஒரு பேஸில் நிற்பவர், பந்து வீசப்படும் நேரம் பார்த்து அடுத்த பேஸுக்கு ஓடிவிடலாம். நம்ம கிரிக்கெட்டில் நான்-ஸ்ட்ரைக்கர் கொஞ்சம் முன்னால் நகர்ந்தாலே பஞ்சாயத்து. அங்கே அதற்கென்றே ஆள் வைத்திருப்பார்கள்.

அன்றைக்கு ரெட் சாக்ஸ் அணியின் நிலைமை இதுதான்: நியூயார்க் யாங்கீஸுடன் ஏழு ஆட்டத் தொடர், முதல் மூன்றிலும் தோல்வி. மூன்றாவது ஆட்டம் சொந்த ஊரிலேயே 19-8. அடி என்றால் அப்படி ஓர் அடி. மூன்று தோற்றபின் நான்கையும் வென்ற அணி அதுவரை அமெரிக்கப் பெரிய லீக் பேஸ்பால் வரலாற்றிலேயே கிடையாது. நான்காவது ஆட்டத்திலும் ஒன்பதாவது இன்னிங்ஸில் 4-3 என்று யாங்கீஸ் முன்னிலை. பந்து மரியானோ ரிவேராவின் கையில். ஆட்டத்தை முடித்துவைப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை.

அவர் கெவின் மில்லரை 'வாக்' முறையில் முதல் பேஸுக்கு அனுப்பினார். மில்லருக்குப் பதில் ஓட டேவ் ராபர்ட்ஸ் வந்தார். அந்த சீசனில் 41 முறை முயன்று 38 முறை திருடியவர். ரிவேரா மூன்று முறை முதல் பேஸுக்குப் பந்தை எறிந்து அவரை மிரட்டினார். அதன்பின் மட்டையாளருக்கு வீசிய முதல் பந்திலேயே ராபர்ட்ஸ் ஓடிவிட்டார். 90 அடி தூரம். கேட்சர் போசாடாவின் எறிதலில் பெரிய குறை சொல்ல முடியாது. ஜீட்டரின் கை இறங்குவதற்கு ஒரு நொடியின் துளி முன்னால் ராபர்ட்ஸின் கை இரண்டாவது பேஸைத் தொட்டுவிட்டது. பில் முல்லர் நடுவாக ஒன்று அடிக்க, ராபர்ட்ஸ் ஓடிவந்து 4-4 ஆக்கினார்.

மற்றதெல்லாம் விறுவிறுவென்று நடந்தது. 12வது இன்னிங்ஸில் டேவிட் ஓர்டிஸ் ஹோம் ரன் அடித்தபோது மணி ஒன்று தாண்டிவிட்டது. அதே தேதியின் இரவில், ஐந்தாவது ஆட்டத்தின் 14வது இன்னிங்ஸில் மறுபடி ஓர்டிஸ். ஆறாவது ஆட்டத்தில் கர்ட் ஷில்லிங்கின் ரத்தம் கசிந்த காலுறை. ஏழாவதில் யாங்கீஸின் கோட்டையிலேயே 10-3. ரசிகர்கள் எப்போதும் அந்தக் காலுறையைப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்கு அது கொஞ்சம் ஓவர் சினிமா. அந்த 90 அடிதான் எனக்கு வரலாறு.

வரலாறு என்றதும் 'சாபம்' கதையை இழுப்பார்கள். பேப் ரூத்தை 1 லட்சம் டாலருக்கு யாங்கீஸிடம் விற்றதால் 1918க்குப் பிறகு பாஸ்டனுக்குக் கோப்பையே இல்லையாம். 1946, 1967, 1975, 1986 என்று இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம் வரை வந்து வந்து தோற்றார்கள், உண்மைதான். ஆனால் சாபம் என்பது நிர்வாகத்துக்கு ரொம்ப வசதியான சொல். 1945ல் ஜாக்கி ராபின்சன் இதே ஃபென்வேயில் தேர்வுக்கு வந்து ஆடிக் காட்டினார். அவரை எடுக்கவில்லை. அவர் வேறு அணிக்குப் போய் 1947ல் நிறத்தடையை உடைத்தபிறகும் 12 வருடம் பாஸ்டன் அசையவில்லை. பம்ப்சி கிரீன் 1959ல் களமிறங்கியபோது, கறுப்பின வீரரைச் சேர்த்த கடைசி பெரிய லீக் அணி அதுதான். திறமையை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டு ரூத்தின் ஆவியைத் திட்டுவது என்ன கணக்கு?

2004ல் அந்த அணியைக் காப்பாற்றியவர்களைப் பாருங்கள். ஓர்டிஸ் டொமினிகன் குடியரசுக்காரர். ராபர்ட்ஸின் அப்பா கறுப்பின அமெரிக்கர், அம்மா ஜப்பானியர்.

அக்டோபர் 27 அன்று செயின்ட் லூயிஸ் அணியையும் வீழ்த்தி, 86 வருடத்துக்குப் பிறகு கோப்பை வந்தது. காத்திருந்து காத்திருந்தே செத்துப்போன அப்பாக்கள், தாத்தாக்களின் கல்லறைகளில் பலரும் அணியின் தொப்பியையும் கொடியையும் வைத்துவிட்டு வந்தார்கள்.

ராபர்ட்ஸ் அந்த யாங்கீஸ் தொடரில் ஒருமுறைகூட மட்டை பிடிக்கவில்லை. டிசம்பரிலேயே அவரை சான் டியேகோ அணிக்கு மாற்றிவிட்டார்கள்.