கேம் கன்சோலும் கணினியும்: உயர்தெளிவுப் படத்துக்கும் விளையாட்டுக்கும் உரிய வன்பொருள்

கேம் கன்சோல் என்பது விளையாட்டுக்கென்றே வடிவமைக்கப்பட்டு, தொலைக்காட்சியில் இணைத்துப் பயன்படுத்தப்படும் கணினி. பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் போன்றவை இவ்வகை. மேசைக் கணினியில் உள்ள பிராசசர், கிராபிக்ஸ் சிப், ரேம், எஸ்.எஸ்.டி. எல்லாம் இதிலும் உண்டு. எனினும் விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தைப் போன்ற பகுதியில் இரண்டில் எது நல்லது என்பதை வேகக் கணக்கை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. வெயில், புழுதி, மின்தடை, வீட்டில் ஏற்கெனவே இருக்கும் கருவி ஆகியவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அகலத்தில் 1280, உயரத்தில் 720 புள்ளிகள் கொண்ட படம் எச்.டி. எனப்படும், 1920 × 1080 முழு எச்.டி., 3840 × 2160 என்றால் 4கே. பழைய டியூப் தொலைக்காட்சி காட்டியது 576 வரிகள்தான். எக்ஸ்பாக்ஸ் 360 இந்தியாவில் 2006 செப்டம்பரில் 19,990 ரூபாய் தொடக்க விலையில் விற்பனைக்கு வந்தது. தமிழக அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டமும் அதே மாதத்தில்தான் தொடங்கியது. அதில் வழங்கப்பட்டது 14 அங்குல டியூப் பெட்டி. எச்.டி. கன்சோல் கடைக்கு வந்தபோது அதன் படத்தை முழுமையாகக் காட்டும் திரை பெரும்பாலான வீடுகளில் இல்லை. 2007 ஏப்ரலில் ப்ளூ-ரே வசதியுடன் வந்த பிளேஸ்டேஷன் 3-இன் விலை 39,990 ரூபாய். ஊர்ப்புறப் பிள்ளைகளுக்குக் கிடைத்தவை கேசட் போட்டு ஆடும் ‘டிவி கேம்’ பெட்டியும் பிரௌசிங் சென்டர் கணினியும்தான்.

கணினி இந்தப் பகுதிக்கு நெருங்கிய பொருள். வானூர் வட்டத்து ஊர்களுக்கு நடுவே தீவுபோல் கிடக்கும் புதுச்சேரிப் பகுதியான சேதராப்பட்டில் எச்.சி.எல். நிறுவனத்தின் கணினித் தொழிற்சாலை இயங்கியது. ஏசர், லெனோவோ நிறுவனங்களும் புதுச்சேரியில் ஆலை அமைத்தன. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்துக்கு இம்மூன்று நிறுவனங்களும் கணினி வழங்கியுள்ளன. முதற்கட்ட மடிக்கணினியில் இரட்டை மையப் பிராசசர், 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க், 14 அங்குலத் திரை இருந்தன. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாததால் அப்போதைய புதிய விளையாட்டுகள் அதில் திணறின. ‘வைஸ் சிட்டி’ போன்ற பழைய விளையாட்டுகள் ஓடின. பென் டிரைவில் ஏற்றி வந்த 720 வரிப் படங்கள் தடையின்றி ஓடின. பல வீடுகளுக்கு எச்.டி. படம் அறிமுகமானது அந்தத் திரையில்தான் எனலாம்.

2021 பிப்ரவரி 2 அன்று 49,990 ரூபாய்க்கு இந்தியாவுக்கு வந்த பிளேஸ்டேஷன் 5-இல் ஏஎம்டி நிறுவனத்தின் எட்டு மையப் பிராசசரும் 10.28 டெராஃப்ளாப் (கணக்கிடும் வேகத்தின் அளவு) திறனுள்ள கிராபிக்ஸும் ஒரே சிப்பில் உள்ளன. 16 ஜிபி நினைவகத்தை இரண்டும் பகிர்ந்துகொள்கின்றன. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸின் திறன் 12 டெராஃப்ளாப். விலை குறைந்த சீரிஸ் எஸ்ஸுக்கு 4 மட்டுமே. தனி கார்டு பொருத்திய மேசைக் கணினியில் பிராசசருக்கு ஒரு ரேமும் கிராபிக்ஸுக்கு வேறொரு நினைவகமும் இருப்பதால், தரவை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் படியெடுக்க வேண்டியிருக்கிறது. கன்சோலுக்கான விளையாட்டை உருவாக்குபவர்களுக்கு எல்லா வீட்டிலும் இருப்பது ஒரே வன்பொருள் என்று தெரியும். அதன் கடைசித் துளித் திறன்வரை பயன்படுத்துகிறார்கள். அதே தரத்துக்குக் கணினி கட்டினால் செலவு பெரும்பாலும் கூடுதலாகவே ஆகும். ஆனால் கணினியில் கார்டை மாற்றலாம், ரேமைக் கூட்டலாம். கன்சோலில் சேமிப்பைக் கூட்டுவதோடு சரி. 2024 நவம்பரில் வெளியான பிளேஸ்டேஷன் 5 புரோ, அதன் வைஃபை பயன்படுத்தும் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு இந்தியாவில் அப்போது அனுமதி இல்லாததால் இங்கு விற்பனைக்கு வரவில்லை.

படம் பார்ப்பதற்கு மட்டும் என்றால் இரண்டுமே மிகை. இன்றைய ஸ்மார்ட் டிவியும், ஐந்து வாட் அளவில் இயங்கும் ஓடிடி ஸ்டிக்கும் அந்த வேலையைச் செய்துவிடும். 4கே ப்ளூ-ரே வட்டுக்கு வட்டு வசதியுள்ள பிளேஸ்டேஷன் 5-உம் சீரிஸ் எக்ஸும் பொருத்தமானவை. கணினியில் அவ்வட்டை ஓட்ட வேண்டிய பாதுகாப்பு வசதியை இன்டெல் தன் மேசைக் கணினிப் பிராசசர்களிலிருந்து 11-ஆம் தலைமுறை முதல் நீக்கிவிட்டது. சேமித்து வைத்த கோப்புகளுக்குக் கணினியே மேல். வி.எல்.சி. மென்பொருள் ஏறத்தாழ எல்லா வடிவங்களையும் ஓட்டும்; கன்சோலோ தயாரிப்பாளர் அனுமதித்தவற்றை மட்டும் ஏற்கும்.

மின்சாரக் கணக்கு வீட்டுக்கு வீடு முக்கியம். விளையாடும்போது பிளேஸ்டேஷன் 5 சுமார் 200 வாட் இழுக்கிறது. நாளுக்கு மூன்று மணி நேரம் என்றால் இரண்டு மாதத்தில் 36 யூனிட். 400 வாட் இழுக்கும் கேமிங் கணினிக்கு அதே கணக்கில் 72 யூனிட். தமிழகத்தில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். கேமிங் கணினி என்றால் அதில் பெரும்பங்கை விளையாட்டே விழுங்கிவிடும். மின்தடை வந்தால் மடிக்கணினி பேட்டரியில் தொடரும். மேசைக் கணினிக்கும் கன்சோலுக்கும் யூ.பி.எஸ். இல்லையென்றால் சேமிக்காத ஆட்டம் போய்விடும். பதிவிறக்கம் பாதியில் நிற்கும். 100 ஜிபி விளையாட்டை நொடிக்கு 30 மெகாபிட் இணைப்பில் இறக்கவே ஏழு மணி நேரத்துக்கு மேலாகும். வட்டு வசதியுள்ள கன்சோலை வாங்குவது இங்கு கூடுதல் பயன். ஆடி முடித்த வட்டை விற்கவும் செய்யலாம்.

சோனி தன் பிளேஸ்டேஷன் 5-க்கு வகுத்துள்ள இயங்கு வெப்பநிலை 5 முதல் 35 டிகிரி செல்சியஸ். அக்னி நட்சத்திரத்தில் ஓட்டுக்கூரை அறையும் தளம் போட்ட மாடி அறையும் இந்த வரம்பை எளிதில் தாண்டும். ஆரோவில் மேட்டின் செம்மண் புழுதியும் திருவக்கரைப் பக்கத்துக் கல்குவாரித் தூசியும் காற்றாடி வழியே உள்ளே போய் வெப்பக் கடத்தித் தகடுகளை அடைக்கின்றன. கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று வேறு. மேசைக் கணினியின் பக்கத் தகட்டைத் திருகு கழற்றிப் புளோயரால் ஊதினால் போதும். பிளேஸ்டேஷன் 5-இன் பக்க மூடியை எடுத்து, தூசி சேரும் இரண்டு துளைகளை வாக்குவம் கிளீனரால் உறிஞ்சலாம். அதற்கு மேல் பிரிக்கக் கூடாது. சிப்பின் மேல் திரவ உலோகம் பூசப்பட்டிருப்பதால், அது சிதறினால் போர்டே போய்விடும்.

விளையாட்டுகள் எல்லாமே கனமான வன்பொருளைக் கேட்பவை அல்ல. கனடாவின் டொராண்டோவில் உள்ள விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்ட ‘வெண்பா’, புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பம் ஒன்றின் சமையலறையை மையமாகக் கொண்டது. கன்சோல்களிலும் கணினியிலும் கிடைக்கும் அதற்கு விலையுயர்ந்த கிராபிக்ஸ் கார்டு எதுவும் தேவையில்லை.

படிக்கும் பிள்ளை உள்ள வீட்டில் முதலில் வாங்க வேண்டியது கணினியே. தமிழில் தட்டச்சு, நிரல் எழுதுதல், விண்ணப்பம் நிரப்புதல் ஆகியவற்றைக் கன்சோலில் வசதியாகச் செய்ய முடியாது. கணினியும் 4கே தொலைக்காட்சியும் ஏற்கெனவே இருந்து, புதிய விளையாட்டுகளைப் பெரிய திரையில் ஆட விரும்புபவருக்குக் கன்சோல்தான் சிக்கனம். எதை வாங்கினாலும் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, மூடிய அலமாரிக்குள் அடைக்காமல் வையுங்கள்.