பகல் பன்னிரண்டு மணிச் சங்கு

1918, நவம்பர் 21. வியாழக்கிழமை. அமெரிக்காவின் சான்ஃபிரான்சிஸ்கோ நகரம் காலையிலிருந்தே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பகல் பன்னிரண்டு அடித்ததும் ஊரிலிருந்த சங்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் அலறின. அவ்வளவுதான்! தெருவில் நின்ற ஆண், பெண், குழந்தை எல்லோரும் முகத்தில் கட்டியிருந்த மாஸ்க்கைப் பிய்த்து எறிந்தார்கள். நடைபாதை முழுக்க வெள்ளை வெள்ளையாகச் சல்லாத்துணி. அதை மிதித்துக்கொண்டே கூட்டம் கூட்டமாக ஐஸ்கிரீம் கடைக்கும் தியேட்டருக்கும் ஓடியது ஊர்.

ஏன் இந்தக் கொண்டாட்டம்? ஸ்பானிஷ் ஃப்ளூ! உலகம் முழுக்க சுமார் ஐந்து கோடிப் பேரைக் கொண்டுபோனதாக மதிப்பிடப்படும் விஷக் காய்ச்சல். வழக்கமாக ஃப்ளூ வந்தால் கிழவர்களையும் கைக்குழந்தைகளையும்தான் பதம் பார்க்கும். இது இருபதிலிருந்து நாற்பது வயதுக்காரர்களையும் குறிவைத்துத் தூக்கியது. அதாவது, இளம் தகப்பன்களையும் தாய்களையும்.

அந்த அக்டோபரில் சான்ஃபிரான்சிஸ்கோவில் தியேட்டர், பள்ளிக்கூடம், நடன அரங்கு எல்லாவற்றுக்கும் பூட்டு. மாஸ்க் இல்லாமல் பொது இடத்தில் தலைகாட்டினால் அபராதம் அல்லது ஜெயில். சட்டம் எல்லோருக்கும் பொதுதானே? ஒரு குத்துச்சண்டைப் போட்டியில் ஊர்ப் பெரிய மனிதர்கள் மாஸ்க் இல்லாமல் ஜாலியாக உட்கார்ந்திருந்ததை போலீஸ் போட்டோகிராஃபரே படம் எடுத்துவிட்டார். மேயர் ஜேம்ஸ் ரால்ஃபுக்கு 50 டாலர் அபராதம். மாஸ்க் போடுங்கள் என்று ஊருக்கெல்லாம் உபதேசித்த சுகாதார அதிகாரி டாக்டர் வில்லியம் ஹாஸ்லருக்கு 5 டாலர்!

நவம்பர் 11-ல் உலகப்போர் முடிந்தது. காய்ச்சலும் இறங்குமுகம். 16-ம் தேதி தியேட்டர்களைத் திறந்தாயிற்று. அடுத்த ஐந்தாவது நாள் மாஸ்க்குக்கும் விடுதலை. அதிலிருந்து சரியாக ஒரு வாரத்தில் 'தேங்க்ஸ்கிவிங்' பண்டிகை. நமக்குப் பொங்கல், தீபாவளி மாதிரி, எங்கேயிருந்தாலும் குடும்பம் ஒரே மேஜையில் கூடிச் சாப்பிட வேண்டிய நாள். போர் ஓய்ந்தது, நோய் ஓய்ந்தது, இனி கூடிப் பேசாமல் எப்படி இருப்பது? அந்த மக்களின் ஆசையில் என்ன தப்பு, சொல்லுங்கள்!

தப்பு, காய்ச்சல் ஓய்ந்துவிட்டது என்று நினைத்ததில்தான் இருந்தது. டிசம்பரில் நோயாளிகள் எண்ணிக்கை மறுபடி மெள்ள ஏறியது. மறுபடியும் மாஸ்க் வேண்டும் என்றார் ஹாஸ்லர். கடைக்காரர்களோ கிறிஸ்துமஸ் வியாபாரம் படுத்துவிடும் என்று பதறினார்கள். டிசம்பர் 19-ம் தேதி நகரசபை ஓட்டெடுத்து, மாஸ்க் யோசனையைத் தள்ளிவிட்டது. ஜனவரியில் ஒரே நாளில் அறுநூறு புது நோயாளிகள் என்ற நிலை வந்த பிறகுதான் சபை மனம் மாறி, 17-ம் தேதி முதல் மீண்டும் மாஸ்க் கட்டாயம் என்றது. உடனே 'மாஸ்க் எதிர்ப்புச் சங்கம்' என்று ஒன்று முளைத்து, ஆயிரக்கணக்கில் கூடிக் கோஷம் போட்டது. பிப்ரவரி 1-ல் சட்டம் வாபஸ். மொத்தக் கணக்கு? சுமார் ஐந்து லட்சம் பேர் வாழ்ந்த நகரத்தில் ஏறக்குறைய 45,000 பேருக்குக் காய்ச்சல், மூவாயிரத்துக்கும் அதிகமான சாவு.

மாஸ்க்கைக் கழற்றியதால்தான் எல்லாம் வந்தது என்று சொல்லிவிட முடியாது. அந்தச் சல்லாத்துணி பெரிதாக ஒன்றும் தடுக்கவில்லை என்று பிற்பாடு டாக்டர்களே சொன்னார்கள். தியேட்டர், பள்ளிக்கூடம், விருந்து என்று அத்தனை கதவையும் ஒரே மாதத்துக்குள் திறந்ததுதான் விஷயம். ஒன்றைத் திறந்துவிட்டு, என்ன ஆகிறது என்று பார்த்துக் காத்திருக்க யாருக்கும் பொறுமையில்லை.

நூற்றிரண்டு வருடம் கழித்து, இங்கிலாந்தில் கிட்டத்தட்ட இதே நாடகம்! 2020 கிறிஸ்துமஸுக்கு ஐந்து நாட்கள், மூன்று குடும்பங்கள் வரை ஒன்றுகூடலாம் என்று நவம்பரில் அரசாங்கம் அறிவித்தது. அதற்குள் உருமாறிய கொரோனா வேகமெடுத்தது. தேதியைக் கவனியுங்கள்... அதே டிசம்பர் 19! பிரதமர் போரிஸ் ஜான்சன் டி.வி-யில் வந்து, ஐந்து நாள் கிடையாது, கிறிஸ்துமஸ் அன்று ஒரு நாள்தான் என்றார். லண்டனுக்கும் சுற்றியுள்ள பகுதிகளுக்கும் அதுவும் இல்லை. பேரப்பிள்ளைகளுக்காகக் காத்திருந்த தாத்தா பாட்டிகளின் மனசு என்ன பாடுபட்டிருக்கும்!

ஆனால், அடுத்த வருடம் படிப்படியாகத் திறந்தார்கள். 2021 மார்ச் 29-ல் ஆறு பேர் தோட்டத்தில் சந்திக்கலாம். மே 17-ல் வீட்டுக்குள்ளேயே சந்திக்கலாம், கட்டிப்பிடித்தும் கொள்ளலாம். (பெற்ற அம்மாவைக் கட்டிக்கொள்ள அரசாங்க அனுமதி... சரித்திரத்தில் இதையும் பார்த்தாயிற்று!) ஒவ்வொரு படிக்கும் நடுவே குறைந்தது ஐந்து வாரம். திறந்ததன் பலன் கணக்கில் தெரிய நான்கு வாரம், மக்களுக்கு முன்னறிவிப்பு தர ஒரு வாரம். டெல்டா கொரோனா தலைதூக்கியதும், ஜூன் 21-க்குக் குறித்திருந்த கடைசிப் படியை ஜூலை 19-க்குத் தள்ளினார்கள். 1918-ல் இல்லாத தடுப்பூசியும் கைகொடுத்தது. அப்படியும் நோய் ஒரேயடியாக ஒழிந்துவிடவில்லை. ஆனால், நிறையப் பேர் மறுபடி தங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்கு வந்து சேர முடிந்தது.

மனுஷனுக்கு மனுஷன் வேண்டும். எந்தக் காய்ச்சலாலும் அதை மாற்ற முடியாது. இன்னும் ஒரு மாதம் பொறுத்தால் இன்னும் ஒருவர் கூடுதலாக மேஜையில் இருப்பார் என்றால், பொறுப்பதும் பாசம்தான். அதை 1918-ல் அந்த ஊருக்குப் புரியவைக்க ஆளில்லை.

சங்கு ஊதுவதற்குத் தமிழில் இரண்டு அர்த்தம் உண்டு. வேலை முடிந்தது, வீட்டுக்குப் போகலாம் என்பது ஒன்று. இன்னொன்றை நான் சொல்ல வேண்டியதில்லை. அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு சான்ஃபிரான்சிஸ்கோ கேட்டது முதலாவதை மட்டும்தான்.