மண் அங்ககக் கரிமத்தின் தரமறிதல்

மண்ணில் மக்கியும் மக்காமலும் கிடக்கும் உயிர்ப்பொருள்களில் அடங்கிய கரிமம், மண் அங்ககக் கரிமம் எனப்படும். அதில் எவ்வளவு நுண்ணுயிர்களுக்கு எளிதில் இரையாகும், எவ்வளவு களிமண்ணோடு ஒட்டி நெடுங்காலம் தங்கும் என்று பிரித்தறிவதே தரமறிதல்.

இந்தியாவில் 2015இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டம் 12 பண்புகளைச் சோதிக்கிறது. அங்ககக் கரிமம் அவற்றுள் ஒன்று. 0.5 விழுக்காட்டுக்குக் கீழே குறைவு, 0.75க்கு மேல் மிகுதி என்பது வழக்கமான வகைப்பாடு. இதற்குப் பெரிதும் பயன்படும் வாக்லி–பிளாக் முறை 1934இல் வெளியானது. டைகுரோமேட்டும் கந்தக அமிலமும் கரிமத்தில் சுமார் 77 விழுக்காட்டையே ஆக்சிஜனேற்றுவதாகக் கொண்டு, விடையை 1.3ஆல் பெருக்குவர். மொத்த அளவு மிக மெதுவாக மாறும். தக்கைப்பூண்டை மடக்கி உழுத விவசாயி அதன் பலனை இந்த எண்ணில் காணப் பல ஆண்டுகள் ஆகலாம். அட்டையின் பெருங்குறை இதுவே.

அக்குறையை ஓரளவு போக்குவது பெர்மாங்கனேட் சோதனை. 2003இல் ரே வெயில் குழுவினர் எளிமைப்படுத்திய முறைப்படி, காற்றில் உலர்த்திச் சலித்த 2.5 கிராம் மண்ணில் 0.02 மோலார் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசல் 20 மில்லி சேர்த்து, 2 நிமிடம் குலுக்கி, 10 நிமிடம் தெளிய விடுவர். தெளிந்த நீரை நீர்க்கச் செய்து, 550 நானோமீட்டர் ஒளியில் நிறமானியால் அளப்பர். ஊதா நிறம் எவ்வளவு வெளிறுகிறதோ, வினைபட்ட கரிமம் அவ்வளவு அதிகம். நிறம் முற்றிலும் போய்விட்டால் மண்ணைக் குறைத்துக்கொண்டு மறுபடி செய்ய வேண்டும். குலுக்கும் நேரம் சற்றுக் கூடினாலும் விடை மாறும்.

இதை ‘செயலூக்கக் கரிமம்’ என்று அழைத்தாலும், பெர்மாங்கனேட் வினைபுரிவதெல்லாம் நுண்ணுயிர் உண்பதல்ல. ஓரளவு பதப்பட்ட, நிலைபெறத் தொடங்கிய பகுதியையே இது அதிகம் காட்டுவதாகப் பிந்தைய ஆய்வுகள் கூறின. ஆகவே, உலர்ந்த மண்ணை நனைத்து 24 மணி நேரத்தில் வெளிவரும் கார்பன் டை ஆக்சைடை அளக்கும் சுவாசச் சோதனையையும் சேர்த்துப் பார்ப்பதே நேர்மையான மதிப்பீடு. ஆய்வகங்களில் 53 மைக்ரான் சல்லடையால் துகள் கரிமத்தையும் கனிமத்தோடு ஒட்டிய கரிமத்தையும் பிரிப்பதும் உண்டு. குளோரோஃபார்ம் புகையூட்டி நுண்ணுயிர்த் திரளை அளக்கும் முறையை ஜென்கின்சனும் பவுல்சனும் 1976இல் ரோதம்ஸ்டெட்டில் வகுத்தனர்.

சுக்கான்கல் கலந்த கரிசலில் தனிக் கவனம் தேவை. உயர்வெப்ப எரிப்பு முறை சுண்ணாம்பிலுள்ள கரிமத்தையும் சேர்த்தே எண்ணிவிடும். அதை அமிலத்தால் முன்கூட்டியே நீக்கவோ, தனியே அளந்து கழிக்கவோ வேண்டும்.