அல்லி இலையும் கண்ணாடி மாளிகையும்

விழா நாளில் மூங்கில் நட்டுப் பந்தலிடுதலும், விழா முடிந்ததும் அதனைப் பிரித்து வண்டியேற்றுதலும் நம்மனோர்க்குப் பழகிய செயல்கள். அதே முறையில், இரும்பும் கண்ணாடியும் கொண்டு, ஏறத்தாழ 1,850 அடி நீளமுள்ள பெரும்பந்தல் ஒன்று 1851 ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் எழுந்தது. 'கிரிஸ்டல் பாலஸ்' எனப் பெயர்பெற்ற அதன் வரலாற்றைப் புகைவண்டித் தொழிலினராகிய நாம் எடுத்துரைப்பதற்குத் தனிக் காரணமும் உண்டு.

அவ்வாண்டில் ஹைடு பூங்காவில் உலகப் பொருட்காட்சி நடத்த விக்டோரியா அரசியின் கணவர் ஆல்பர்ட்டும் பிறரும் முனைந்தனர். கட்டடத்திற்கென வந்த 245 வரைபடங்களுள் ஒன்றும் ஏற்கப்படவில்லை. குழுவினர் தாமே ஒன்று வரைந்தனர். செங்கல்லும் பெருங்குவிமாடமுமாக அமைந்த அதனைக் கண்டு மக்கள் சினந்தனர். இத்துணைப் பெருங்கட்டடம் காட்சி முடிந்தபின் பூங்காவைவிட்டு அகலுமா? பழைய எல்ம் மரங்கள் என்னாகும்? எஞ்சிய காலமோ ஓராண்டிற்கும் குறைவு. காட்சியே நின்றுவிடுமோ என்னும் நிலை.

அந்நிலையில் முன்வந்தவர் ஜோசப் பாக்ஸ்டன். உழவர் குடியிற் பிறந்தவர். டெவன்ஷயர் பிரபுவின் சாட்ஸ்வொர்த் தோட்டத்திற்குத் தலைவர். பொறியியற் பட்டம் பெற்றவரல்லர். தென்னமெரிக்க நீர்நிலைகளில் வளரும் விக்டோரியா அல்லியை 1849 நவம்பரில் அங்கே பூக்கச் செய்தவர். தாம்பாளம்போல் மிதக்கும் அதன் இலைமேல் தம் சிறு மகளை நிற்கவைத்தார், இலை தாங்கிற்று. புரட்டிப் பார்ப்பின் காரணம் விளங்கும். நடுவினின்று விரிந்தோடும் தடித்த நரம்புகளைக் குறுக்கு நரம்புகள் பிணைக்க, இடையே மெல்லிய தோல் படர்ந்துள்ளது. நரம்பிற்கு ஈடாக இரும்பும் மரச்சட்டமும், தோலுக்கு ஈடாகக் கண்ணாடியும் அமைந்தன. மாளிகை முழுதும் இலையினின்றே பிறந்ததென்பது மிகையே. கண்ணாடிச் செடிவீடுகளைப் பல்லாண்டு கட்டிப் பழகியவர் அவர். எனினும் அவ்விலையே தமக்கு வழிகாட்டிற்றென அவரே கூறினார்.

இனி நாம் குறித்த காரணத்திற்கு வருவோம். பாக்ஸ்டன் மிட்லண்ட் ரயில்வேயின் இயக்குநருள் ஒருவர். 1850 ஜூனில் டெர்பி நகரில் நடந்த ரயில்வேக் கூட்டமொன்றில் அமர்ந்தபடியே, மையொற்றுத் தாளில் இம்மாளிகையின் முதற் படத்தைக் கிறுக்கினார்! அத்தாள் இன்றும் இலண்டன் அருங்காட்சியகமொன்றில் உள்ளது. நம் போன்ற குமாஸ்தாக்கள் அவ்வாறு கிறுக்கினால் மேலதிகாரி என் சொல்வாரோ, அறியோம்.

24 அடி என்னும் ஓரளவே எங்கும் அடிப்படை. ஒரே வார்ப்பில் உறுப்புகள் பலவாகச் செய்யப்பட்டமையின், எவ்விடத்து உறுப்பும் அதனையொத்த பிறவிடத்திற் பொருந்தியது. உள்ளீடற்ற தூண்களே மழைநீரை இறக்கும் குழாய்கள். 49 அங்குல நீளமும் 10 அங்குல அகலமுமுள்ள கண்ணாடிகள் ஏறத்தாழ மூன்று இலட்சம். எல்ம் மரங்களை வெட்டாது, அவற்றின்மேல் வளைவுக்கூரை எழுப்பினர். மே முதல் அக்டோபர் வரை அறுபது இலட்சம் வருகையாளர் கண்டனர். உல்லாசப் பயண வண்டிகள் விட்டுத் தொலைவூர் உழைப்பாளிகளையும் அங்குக் கொண்டு சேர்த்த பெருமை ரயில்வேக்களுக்கு உரியது.

1852 இல் மாளிகையைப் பிரித்தனர். சைடன்ஹாம் குன்றில், முன்னினும் பெரிதாக எழுந்து 1854 ஜூனில் அது மீண்டும் திறக்கப்பட்டது. 1936 நவம்பர் 30 இரவில் தீக்கிரையாயிற்று.

அதனை முன்மாதிரியாகக் கொண்ட கண்ணாடி மாளிகையொன்று நம் நாட்டிலும் உண்டு. பெங்களூர் லால்பாக் தோட்டத்தில் 1889 இல் அதற்குக் கால்கோள் செய்தவர், அந்த ஆல்பர்ட்டின் பேரரே. குடியரசு நாளையும் விடுதலை நாளையும் ஒட்டி அங்கு மலர்க்காட்சி நடைபெறுகிறது. பெங்களூர் செல்லும் அன்பர்கள் கூரையை அண்ணாந்து நோக்கி வருக.