முள்முருக்குப் பட்டினத்தின் மீசான்கள்

நமது வேலிகளில் நிற்கும் முள்முருக்கை யாரும் பெரிதாக மதிப்பதில்லை. ஆட்டுக்குக் குழை ஒடிப்போம், மிளகுக் கொடியைப் படரவிடுவோம், அவ்வளவுதான். ஆனால் இந்த மரத்தின் பெயரால் ஒரு பட்டினம் ஒரு காலத்தில் உலகப் புகழ் பெற்றிருந்தது. சீனாவின் தென்கிழக்குக் கரையில், புஜியான் மாகாணத்தில் இருக்கும் குவான்சௌ நகரமே அது. பத்தாம் நூற்றாண்டில் நகர மதிலை விரித்துக் கட்டியபோது சுற்றிவர முள்முருக்கு நட்டார்கள். சீன மொழியில் அம்மரத்தின் பெயர் ‘ஸிதோங்’. அது அரபு மாலுமிகளின் காதில் ‘ஸைத்தூன்’ என்று விழுந்தது. நமது நாட்டுக்கு வந்து பாவா ஆதம் மலை ஏறிப் பார்த்த இப்னு பதூதா, அதற்குப் பின் அங்கே போய் இறங்கினார். பெயர்தான் ஸைத்தூன், ஊரில் ஒரு ஒலிவ மரமும் இல்லையே என்று தமது பயண நூலில் குறித்து வைத்திருக்கிறார்.

1087இல் சோங் அரசு அங்கே கடல் வணிக அலுவலகம் ஒன்றைத் திறந்தது. மிளகு, வாசனைக் கட்டைகள், சாம்பிராணி ஆகியன வந்திறங்க, பட்டும் பீங்கானும் ஏறிப்போயின. அலெக்சாந்திரியாவுக்கு ஒரு மிளகுக் கப்பல் போனால் ஸைத்தூனுக்கு நூறு வருகின்றன என்று மார்க்கோ போலோ சொல்லியிருக்கிறார். அவருக்குக் கொஞ்சம் கூட்டிச் சொல்கிற பழக்கம் உண்டுதான். ஆனாலும் 1974இல் ஹௌசூ என்ற இடத்தில் சேற்றுக்குள்ளிருந்து தோண்டியெடுத்த பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கப்பலில் வாசனைக் கட்டைகளும் மிளகும் அப்படியே இருந்தன.

சரக்கோடு மனிதரும் வந்தார்கள். அங்குள்ள அஸ்ஹாப் பள்ளிவாசல் ஹிஜ்ரி 400இல் (கி.பி. 1009 – 10) கட்டப்பட்டதென்றும், ஹிஜ்ரி 710இல் ஷீராஸைச் சேர்ந்த அஹ்மத் என்பவர் அதைத் திருத்தினார் என்றும் அதன் சுவரிலுள்ள அரபுக் கல்வெட்டு கூறுகிறது. தொழுகை மண்டபத்தின் கூரை எப்போதோ விழுந்துவிட்டது. கருங்கற் சுவர்கள் மட்டும் வானத்தைப் பார்த்தபடி நிற்கின்றன.

நம்மைப் போலத் தமிழ் பேசியவர்களும் அங்கே இருந்தார்கள். 1281இல் சம்பந்தப் பெருமாள் என்பவர் மங்கோலிய ஆட்சியாளரின் நலனுக்காகத் திருக்கதலீஸ்வரம் என்ற சிவன் கோயிலில் சிலை எழுந்தருளச் செய்ததைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு அங்கே கிடைத்திருக்கிறது. அதன் கடைசி வரி சீன எழுத்தில் உள்ளது. புத்த விகாரை, சிலுவை பொறித்த கிறிஸ்தவக் கல்லறை, மானி மதத்தவரின் கோயில் எல்லாமே அந்த ஒரு கரையில் இருந்தன.

இந்த வாழ்வு சும்மா அழியவில்லை. மங்கோலிய ஆட்சி தளர்ந்த காலத்தில், அங்கிருந்த பாரசீக முஸ்லிம் படையினர் 1357இல் கிளர்ந்தெழுந்து நகரத்தைப் பிடித்தார்கள். சண்டை பத்து வருஷம் இழுத்தது. 1366இல் அவர்கள் தோற்றபோது படையினரோடு சேர்த்து அந்நிய முகம் கொண்ட சாதாரண மக்களும் கொல்லப்பட்டார்கள். ஆயுதம் எடுத்தவர்கள் சிலர்; விலை கொடுத்தது சமூகம் முழுவதும். வரலாற்றில் நாம் அறியாத கதையா இது? அடுத்து வந்த மிங் ஆட்சி அந்நிய உடைக்கும் பெயருக்கும் தடை போட்டது. மையவாடிகளிலும் கோயில்களிலும் இருந்த கற்களைப் பெயர்த்து மதிலுக்குள் வைத்துக் கட்டினார்கள். வபாத்தானவரின் பெயரும் ஆண்டும் செதுக்கிய மீசான்கள் வெறும் கட்டடக் கல்லாயின.

உயிர் தப்பிய குடும்பங்களில் ஒன்று டிங் குலம். நகரை விட்டுச் சென்தாய் என்ற கரையோரக் கிராமத்தில் ஒதுங்கினார்கள். பதினாறாம் நூற்றாண்டில் அந்தக் குலத்தில் பிறந்த டிங் யான்சியா என்பவர் ‘முன்னோர் மார்க்கம்’ பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதி வைத்தார். முன்பு மையித்தைப் பெட்டியில் வைக்க மாட்டார்கள், நோன்பு பிடிப்பார்கள், மேற்கு நோக்கித் தொழுவார்கள், பன்றி தொடமாட்டார்கள் என்று தொடங்கி, அவை ஒவ்வொன்றாகத் தம் கண்முன்னே நழுவிப்போவதைப் பதிகிறார். அவரால் அதைத் தடுக்க முடியவில்லை. எழுதி வைக்க முடிந்தது. இன்று அந்தக் குலத்தில் பெரும்பாலோர் தொழுவதில்லை. ஆயினும் மூத்தோருக்குப் படைக்கும்போது பன்றி இறைச்சி வைப்பதில்லை. அவர்களின் குல மண்டபமும் முஸ்லிமைக் குறிக்கும் ‘ஹுய்’ என்ற சீன எழுத்தின் வடிவிலேயே கட்டப்பட்டிருக்கிறது. 1979இல் அரசு அவர்களை ஹுய் இனத்தவராக ஏற்றுக்கொண்டதற்கு இந்த நினைவுகளும் ஏடுகளுமே துணை நின்றன.

மதிலுக்குள் போன கற்களுக்கு என்ன நடந்தது? இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் வீதி அகலிக்கவும் பின்னர் யுத்தத்தின் காரணமாகவும் மதிலை இடித்தார்கள். உள்ளிருந்து அரபு எழுத்தும் சிலுவையும் சிவனும் வெளியே வந்து விழுந்தன. கல்தச்சர்கள் அவற்றை உடைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் ஊ வென்லியாங் என்ற ஒரு மனிதர் இடிபாடுகளுக்கிடையில் அலைந்து கற்களைச் சேர்த்தார். பேராசிரியரல்ல, தொல்பொருள் அதிகாரியுமல்ல. உயிரியல் படிப்பித்த ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். முஸ்லிமும் அல்லர். தான் சேர்த்ததை அரசிடம் ஒப்படைத்தார். 1957இல் அந்தக் கற்களைப் பற்றிய நூலை வெளியிட்டார். 1959இல் தொடங்கிய கடல்சார் அருங்காட்சியகத்துக்கு அவர் சேர்த்த கற்களே அடித்தளம். 2021இல் யுனெஸ்கோ குவான்சௌவை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அந்தக் கற்கள் இல்லாவிட்டால் அந்த ஊரின் பல மத வாழ்வைப் பற்றி நாம் இன்று அறிந்திருப்பதில் பாதிகூட மிஞ்சியிராது.

நமக்கும் அந்தக் கடல் ஒரு கல்லை விட்டுச் சென்றிருக்கிறது. முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ, 1417இல் குவான்சௌவில் உள்ள முஸ்லிம் கப்றுகளில் வந்து தூபமிட்டதை அங்குள்ள ஒரு கல் சொல்கிறது. அதே செங் ஹோ காலிக்குக் கொண்டுவந்த 1409ஆம் ஆண்டுக் கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள் உள்ளன. 1911இல் கண்டெடுக்கப்பட்டபோது அது காலி நகரில் ஒரு மதகுக்கு மூடியாகக் கிடந்தது. இன்று கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது.

மதிலானாலென்ன, மதகானாலென்ன, கல் தன் பாட்டில் கிடக்கும். குனிந்து புரட்டிப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். நமது ஊர்களில் பள்ளியைப் பெரிதாக்கும்போதும் மையவாடிக்கு மண் போடும்போதும் பழைய மீசான்கள் எங்கே போகின்றன என்று நான் கேட்டால், “அதெல்லாம் பழைய கல்லு சேர்” என்கிறார்கள் என் மாணவர்கள். குவான்சௌவிலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். அடுத்த லீவுக்கு ஒரு கொப்பியும் பேனையுமாக அவர்களை மையவாடிக்குக் கூட்டிப்போவதாக இருக்கிறேன். பெயரையும் ஆண்டையும் எழுதிக்கொண்டு வந்தால் போதும். ஆசிரியன் ஒருவனால் முடிந்த வேலைதான் அது.