முதலூர் முதல் டோனாவூர் வரை: நெல்லைச் சீமையின் அடைக்கல ஊர்கள்

திருநெல்வேலிச் சீமையின் தென்பகுதி ஊர்ப்பெயர்களுள் முதலூர், நாசரேத், சாயர்புரம், மெஞ்ஞானபுரம், சுவிசேஷபுரம், டோனாவூர் என்பவை தனித்த ஒரு தொகுதியாக நிற்கின்றன. கோயில், குளம், சாதி, தலைவன் என்ற வழக்கமான அடிப்படைகளில் அமையாத இப்பெயர்கள், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலும் அதற்குப் பின்னரும் கிறிஸ்தவ சமயத்தைத் தழுவியவர்கள் குடியேறிய ஊர்களைக் குறிப்பவை. அவற்றுள் சில, சமயம் மாறியதால் வீட்டையும் பிழைப்பையும் இழந்தவர்களுக்கென்றே புதிதாக எழுப்பப்பட்டவை ஆகையால், சமய வரலாற்று நூல்கள் அவற்றை ‘அடைக்கல ஊர்கள்’ என்று வகைப்படுத்துகின்றன. துன்பத்தால் குலைந்த மனத்தை மதம் எவ்வாறு தேற்றுகிறது என்ற கேள்விக்கு இவ்வூர்களின் வரலாறு தரும் விடை, பிரசங்கத்தைக் காட்டிலும் நிலம், கிணறு, உறவுமுறைச் சொல் ஆகியவற்றையே மிகுதியும் சார்ந்திருக்கிறது.

இவற்றுள் காலத்தால் முந்தியது, பெயரே உணர்த்துவதுபோல், முதலூர் ஆகும். சாத்தான்குளம் வட்டாரத்தைச் சேர்ந்த சுந்தரானந்தம் தாவீது என்பவர் தஞ்சை மிஷனில் பயிற்சி பெற்று, உபதேசியாராக, அதாவது குருப்பட்டம் பெறாமல் சமயக் கல்வி புகட்டும் பணியாளராக, தம் சொந்தப் பகுதிக்குத் திரும்பியபோது, பனையேறிப் பிழைத்த அவருடைய உறவினர்களும் பிறரும் அவரைப் பின்பற்றிச் சமயம் மாறினர். குடியிருந்த மனையும் ஏறிய பனையும் பெரும்பாலும் பிறருக்கு உரிமையானவையாக இருந்தமையால், ஊர்க் கோயில் கொடைக்கு வரி கொடுக்க மறுத்தவனை வெளியேற்றுவது நிலமுடையோர்க்கு அரிய செயலாக இருக்கவில்லை. செபக்கூடங்கள் இடிக்கப்பட்டன, குடும்பங்கள் ஊர் ஊராக அலைந்தன. பாளையக்காரர் போர்கள் நடந்துகொண்டிருந்த அக்காலத்தில் ஏழைகளின் முறையீட்டை விரைந்து கேட்கத்தக்க நிலையான நிருவாகமும் இருக்கவில்லை. இந்நிலையில், கிழக்கிந்தியக் கும்பினிப் படை அதிகாரி ஒருவரின் பொருளுதவியோடு தேரி மணற்பாங்கில் நிலம் வாங்கப்பட்டு, 1799ஆம் ஆண்டில் முதலூர் தோன்றியது.

அந்நிலம் வளமான நிலம் அன்று. காற்றில் இடம்பெயரும் செம்மணலும் பனையுமே அங்கு இருந்தன. ஆயினும், பனையையன்றி வேறு தொழில் அறியாதவர்களுக்கு அது போதுமானதாயிற்று. அதனினும் முக்கியமாக, எவரும் அவர்களை அங்கிருந்து வெளியேற்ற இயலாது என்ற உறுதியை அது அளித்தது. இவ்வகை ஊர்கள் பலவற்றில் நேரான தெருக்களும், நடுவில் ஆலயமும், அதை ஒட்டிய பள்ளிக்கூடமும், பொதுக் கிணறும் அமைக்கப்பட்டன. ஆலயமணியை ஒட்டிக் காலைச் செபமும் மாலைச் செபமும் நடந்தமையால், அச்சத்தில் நாள் கழித்தவர்களின் பொழுதுக்கு மீண்டும் ஓர் ஒழுங்கு கிடைத்தது. நிலைகுலைந்தவர்க்கு முதலில் தேவைப்படுவது நாளை என்ன நிகழும் என்ற தெளிவே என இக்காலத்து மனநல மருத்துவர் வலியுறுத்துவதை இவ்வமைப்பு தன் வழியில் முன்னரே கடைப்பிடித்திருந்தது எனலாம்.

முதலூரில் தனிமனித முயற்சியாகத் தொடங்கியதை ஒரு முறையாக வளர்த்தவர் ரேனியஸ் ஆவார். மேற்குப் பிரஷியாவில் பிறந்து, சி.எம்.எஸ். எனப்படும் சர்ச் மிஷனரி சங்கத்தின் ஊழியராக 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த அவர், தமிழ் இலக்கணமும் புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பும் செய்த அறிஞராகவே மிகுதியும் அறியப்படுகிறார். ஆனால், வெளியேற்றப்பட்ட கிறிஸ்தவர்களுக்கு மனையும் நிலமும் வாங்கித் தருவதற்கென்று 1830இல் அவர் நிறுவிய ‘தர்ம சங்கம்’ அந்நூல்களுக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று. உள்ளூர்க் கிறிஸ்தவர்களின் நன்கொடையையும் கொண்டு இயங்கிய அச்சங்கத்தால், நேற்று வரை அடைக்கலம் தேடியவர்கள் இன்று பிறர்க்கு அடைக்கலம் தருவோரின் வரிசையில் சேர்ந்தனர். இதற்குச் சில ஆண்டுகள் முன்னர், 1827இல், பிரஷியப் பிரபுவான டோனா அனுப்பிய பணத்தைக்கொண்டு மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், களக்காட்டுக்கு அருகே, புலியூர்க்குறிச்சி என்னும் இடத்தில் ரேனியஸ் நிலம் வாங்கியிருந்தார். கொடையாளியின் பெயராலேயே அது டோனாவூர் ஆயிற்று.

எழுபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின்னர் இதே டோனாவூர் மற்றொரு வகை வீடிழந்தோர்க்குப் புகலிடமாயிற்று. அயர்லாந்தின் வடபகுதியில் 1867இல் பிறந்து 1895இல் இந்தியா வந்த ஏமி கார்மைக்கேல், முதலில் ஊர் ஊராகச் சென்று சமயம் பரப்பும் பெண்கள் குழு ஒன்றையே நடத்தி வந்தார். 1901ஆம் ஆண்டு மார்ச் மாதம் 7ஆம் நாள், கோயில் பணிக்கென ஒரு வீட்டில் ஒப்படைக்கப்பட்டிருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி அவ்வீட்டிலிருந்து தப்பி, பண்ணைவிளை என்னும் ஊரில் அவரை வந்தடைந்தாள். முன்னொரு முறை தாயிடம் ஓடிச்சென்று, திருப்பி அனுப்பப்பட்டு, கைகளில் சூடு வைக்கப்பட்ட குழந்தை அவள். பொட்டுக்கட்டுதல், அதாவது சிறுமியைத் தெய்வத்துக்கு மணமுடித்ததாகக் கருதிக் கோயிலுக்கு உரியவளாக்கும் வழக்கம், இசைக்கும் நாட்டியத்துக்கும் பெருங்கலைஞர்களை அளித்த ஒரு மரபின் பகுதியாக இருந்தபோதிலும், வறுமையும் சுரண்டலும் கலந்த இடங்களில் அது குழந்தைகளுக்குச் சிறையாகவே அமைந்தது. 1904ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்குள், டோனாவூரில் குடியமர்ந்துவிட்ட கார்மைக்கேலின் பொறுப்பில் 17 குழந்தைகள் இருந்தனர். கைவிடப்பட்ட கைக்குழந்தைகளும் அவ்வாண்டு முதல் வரத் தொடங்கினர்.

இப்பணி அயல்நாட்டுப் பெண் ஒருவரால் மட்டுமே நடந்ததாகக் கருதுவது பிழை. இளம் வயதிலேயே கைம்பெண்ணாகித் தாமும் ஒடுக்குதலை அறிந்திருந்த பொன்னம்மாள், மருத்துவ வசதி கருதி நெய்யூரில் நடத்தப்பட்ட குழந்தைகள் இல்லத்தின் பொறுப்பை ஏற்று, வயிற்றுப்போக்கு நோய் பரவிக் குழந்தைகள் பலர் இறந்த காலத்திலும் அதை விட்டு நீங்காமல் இருந்தார். அவர் 1915இல் காலமானார். காயம்பட்டவர் காயம்பட்டவரைப் பேணுதல் என்னும் இயல்பு தர்ம சங்கத்தைப் போன்றே இங்கும் காணப்படுகிறது.

டோனாவூர் இல்லத்தின் உறவுமுறை அமைப்பு தனியே நோக்கத்தக்கது. அங்கே மேற்பார்வையாளர், விடுதிக் காப்பாளர் என்ற பதவிப் பெயர்கள் வழங்கவில்லை. கார்மைக்கேல் ‘அம்மா’ என்றும், பிறநாட்டுப் பெண் ஊழியர்கள் ‘சித்தி’ என்றும், தமிழ்ப் பெண் ஊழியர்கள் ‘அக்கா’ என்றும், ஆண்கள் ‘அண்ணாச்சி’ என்றும் அழைக்கப்பட்டனர். நெல்லைப் பேச்சுவழக்கின் இச்சொற்கள், பெற்றோரை அறியாத குழந்தைக்கு ஒரு குடும்பத்தின் முழு வடிவத்தையும் அளித்தன. பிறந்த நாள் தெரியாத குழந்தைகள் பலர் இருந்தமையால், ஒவ்வொரு குழந்தையும் அவ்வீட்டுக்கு வந்து சேர்ந்த நாளே பூவும் சிறு பரிசுமாக ஆண்டுதோறும் கொண்டாடப்பட்டது. கைவிடப்பட்ட நாளாக நினைவில் தங்கியிருக்கக்கூடிய ஒரு நாளை, வரவேற்கப்பட்ட நாளாக மாற்றிய ‘வந்த நாள்’ வழக்கம், கிறிஸ்தவம் கூறும் மறுபிறப்பு என்னும் கருத்தைக் குழந்தைகளுக்கு விளங்கும் அன்றாடச் செயலாக ஆக்கிற்று. 1927இல் எழுந்த செப வீட்டில் குழந்தைகள் தரையில் அமர்ந்தே வழிபட்டனர். பின்னர் அமைந்த மருத்துவமனைக்குப் ‘பரம சுக சாலை’ எனப் பெயரிடப்பட்டது.

இவ்வரலாற்றுக்கு மறுபக்கமும் உண்டு. நிலம் மிஷனின் பொறுப்பில் இருந்த ஊர்களில் மிஷனரியே ஊர்த்தலைவராகவும் நீதிபதியாகவும் நடந்துகொள்ள நேர்ந்தமையால், அடைக்கலம் கட்டுப்பாடாகவும் மாறிற்று. ஒரே சாதியினர் கூட்டமாகக் குடியேறிய இடங்களில் சாதி உணர்வு கரையாமல் ஆலயத்துக்குள்ளும் நுழைந்தது. மதில் சூழ்ந்த இல்லத்தில் வளர்ந்த பிள்ளைகள் வெளியுலகை எதிர்கொள்வதில் இடர்ப்பட்டனர் என்ற விமர்சனமும் எழுந்தது. மேலும், பொட்டுக்கட்டும் வழக்கத்தைச் சட்டத்தால் முடிவுக்குக் கொண்டுவந்தவை இல்லங்கள் அல்ல. முத்துலட்சுமி ரெட்டி, மூவலூர் இராமாமிர்தம் முதலியோரின் நீண்ட போராட்டத்தின் பயனாகவே 1947இல் சென்னை மாகாணத்தில் அதற்கான சட்டம் நிறைவேறியது. தப்பி வந்தவரைத் தாங்கும் வேலையை அடைக்கலம் செய்தது. தப்ப வேண்டிய தேவையையே நீக்கும் வேலையைச் சட்டம் செய்தது. இரண்டில் ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

1931இல் களக்காட்டில் கீழே விழுந்து காயமுற்ற கார்மைக்கேல், எஞ்சிய இருபது ஆண்டுகளைப் பெரும்பாலும் படுக்கையிலேயே கழித்து, 1951 ஜனவரி 18ஆம் நாள் இறந்தார். அவர் விருப்பப்படி கல்லறைக் கல் நாட்டப்படவில்லை. பறவைகள் நீர் அருந்தும் தொட்டி ஒன்று மட்டுமே அவ்விடத்தைக் காட்டுகிறது, அதில் தாயைக் குறிக்கும் ஒற்றைச் சொல் பொறிக்கப்பட்டுள்ளது. 1799இல் வீடிழந்தோர் குடியேறிய முதலூர் இன்று தேங்காய்ப்பாலில் கிண்டும் மஸ்கோத் அல்வாவுக்காகத் தென்மாவட்டங்களில் பெயர் பெற்ற ஊர். அதை வாங்கிச் செல்வோர்க்கு அவ்வூர் அடைக்கல ஊராகப் பிறந்த செய்தி பெரும்பாலும் தெரிவதில்லை.