எல்லாத் துவக்குக்கும் ஒரே மருந்து

பிலிமத்தலாவைச் சந்தியிலே பேருந்தை விட்டு இறங்குபவர்களின் கண்ணில் முதலிற் படுபவை பித்தளைக் கடைகள்தாம். குத்துவிளக்குகளும் தட்டங்களும் யானைகளும் வரிசையாக நிற்கும். அவற்றிடையே ஒரு சாண் நீளத்திலே சிறு பீரங்கிகளும் இருக்கும். சில வருடங்களுக்கு முன்னர் எனது மாணவர்களைக் கடலாதெனிய விகாரைக்கு அழைத்துச் சென்றிருந்தேன். 1344ஆம் ஆண்டிலே கணேஸ்வராசாரி என்னும் தென்னிந்தியச் சிற்பாசாரியின் தலைமையிற் கட்டப்பெற்ற கோயில் அது. திரும்பும் வழியில் மாணவன் ஒருவன் கடையில் இருந்த பித்தளைப் பீரங்கியைக் கையில் எடுத்து, "சேர், துவக்குக்கும் பீரங்கிக்கும் ஒரே மருந்தா போடுவாங்க?" என்று கேட்டான்.

தமிழாசிரியனிடம் கேட்கத்தக்க கேள்வியா இது? எனக்கு விடை தெரியவில்லை. ஆயினும் 'மருந்து' என்ற அந்தச் சொல் மட்டும் என்னைப் பிடித்துக்கொண்டது. தமிழிலே நோய் தீர்ப்பதும் மருந்து, உயிர் குடிப்பதும் மருந்து. சிங்களத்திலும் 'வெடி பெஹெத்' என்றே சொல்கிறார்கள். பெஹெத் என்றால் மருந்துதான். நாம் வெடியுப்பு என்பதை அவர்கள் 'வெடிலுணு' என்கிறார்கள். லுணு என்றால் உப்பு. கந்தகம் அங்கே 'கெந்தகம்'. நாம் துவக்கு என்பது அங்கே 'துவக்குவ'. இந்தத் துவக்குக்கும் தமிழகத்தாரின் துப்பாக்கிக்கும் மூலம் ஒரு துருக்கியச் சொல் என்பர். சண்டைக்கான சொற்களிலே இரண்டு மொழிகளும் இவ்வளவு ஒற்றுமையாக இருப்பதை எண்ணிச் சிரிப்பதா, பெருமூச்சு விடுவதா என்று தெரியவில்லை.

அந்த மாணவனின் கேள்வி குழந்தைத்தனமானதன்று என்பதைப் பின்னரே அறிந்துகொண்டேன். வெடியுப்பு, கந்தகம், கரி ஆகிய மூன்றும் சேர்ந்தது கருமருந்து. அதை வெறும் பொடியாக வைத்திருந்த காலம் ஒன்று உண்டு. பின்னர் ஐரோப்பியர் அதனை ஈரமாகப் பிசைந்து மணிமணியாக ஆக்கப் பழகினார்கள். மணியின் பருமனே மருந்தின் குணத்தைத் தீர்மானிக்கிறது. சிறுமணி சட்டென்று எரிந்து தீரும். பெருமணி நின்று எரியும். பெரிய பீரங்கிக்குள்ளே சிறுமணியைக் கொட்டினால் அமுக்கம் முழுவதும் ஒரே கணத்தில் எழுந்து பீரங்கியே பிளந்துபோகும். கைத்துவக்குக்குள்ளே பெருமணியைப் போட்டாலோ, மருந்து எரிந்து முடியுமுன் குண்டு குழலை விட்டுப் போய்விடும், தூரம் செல்லாது. ஆகவே ஐரோப்பிய ஆயுதச்சாலைகளில் பீரங்கிக்கு ஒன்று, துவக்குக்கு ஒன்று, பற்றவைக்கும் கிண்ணத்துக்கு மிகப் பொடியான ஒன்று என்று மருந்தை வேறுவேறாக வைத்திருந்தார்கள். வெற்றுத் தோட்டாக்களை மீண்டும் நிரப்பிச் சுடும் இன்றைய குறிசுடும் வீரர்கள்கூட, பலவகைத் தோட்டாக்களுக்கும் பொருந்தும் ஒரு மருந்து கிடைக்காதா என்றுதான் தேடுகிறார்கள். அப்படி ஒன்று கிடைத்தாலும் எல்லாவற்றுக்கும் ஓரளவு பொருந்துமேயன்றி எதற்கும் முழுமையாகப் பொருந்தாது.

கண்டி இராச்சியத்தார் என்ன செய்தார்கள்?

பிலிமத்தலாவையிலிருந்து சிறிது தூரத்திலே தந்துரை என்னும் ஊர் இருக்கிறது. தொன் பேதுரு லோப்பிஸ் தெ சூசா தலைமையிற் கண்டியைப் பிடிக்க வந்த போர்த்துக்கேயப் படை, 1594ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 9ஆம் திகதி இங்கேதான் முற்றாக அழிந்தது. கோணப்பு பண்டாரவாக இருந்து முதலாம் விமலதர்மசூரியனாக முடிசூடியவன் வென்ற போர் அது. இன்று அங்கே வயலும் வீடுகளுமே உள்ளன. போர்த்துக்கேயரிடம் துவக்கைக் கண்ட சிங்களக் கம்மாளர்கள் சில தலைமுறைக்குள்ளேயே தாமும் அதைச் செய்யக் கற்றுக்கொண்டார்கள். கற்றது மட்டுமன்றித் தமக்கேற்றபடி மாற்றியும் கொண்டார்கள். கண்டித் துவக்கின் விசை இடப்பக்கத்திலே இருக்கும். அடிக்கட்டை இரண்டாகப் பிரிந்து சுருண்டிருக்கும். கொழும்பு நூதனசாலையிலே இவற்றைக் காணலாம். பீரங்கி வகையில் அவர்களுக்கே உரியது 'கொடிதுவக்குவ'. சக்கரம் இல்லாமல் முன்னே இரண்டு கால்களை ஊன்றி வெட்டுக்கிளி போல உட்கார்ந்திருக்கும் சிறு பீரங்கி அது. ஆட்கள் தூக்கிக்கொண்டு மலைப்பாதையிலே ஏறிவிடுவார்கள்.

மருந்து பற்றிய செய்திகளை எனக்குத் தந்தவர்கள் இரண்டு வெள்ளைக்காரர்கள். ஒருவர் றொபேட் நொக்ஸ். 1660 முதல் 1679 வரை இரண்டாம் இராசசிங்கனின் நாட்டிலே சிறைப்பட்டிருந்து, தப்பிச் சென்று 1681இல் நூல் எழுதியவர். வெடியுப்பை இந்நாட்டார் தாமே செய்வர் என்கிறார். கந்தகமும் இங்கே உண்டெனச் சிலர் சொல்வதாகவும், அதைக் கண்டுபிடிக்க அரசன் விடுவதில்லை என்றும் எழுதுகிறார். இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்து யோசித்தேன். எரிமலை இல்லாத இந்தத் தீவிலே கந்தகச் சுரங்கத்துக்கு எங்கே போவது? கடல் கடந்துதான் அது வந்திருக்க வேண்டும். இல்லாத ஒன்றை இருக்கிறது என்று பகைவரை எண்ணவைத்த இராசசிங்கனின் சாமர்த்தியத்தைத்தான் நொக்ஸ் அறியாமலே பதிந்துவிட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது.

மற்றவர் ஜோன் டேவி என்னும் படை வைத்தியர். சுரங்கத் தொழிலாளரின் காப்பு விளக்கைச் செய்த சேர் ஹம்ப்ரி டேவியின் தம்பி. 1816இலே இலங்கைக்கு வந்து 1820வரை இருந்தவர். இரசாயனம் கற்றவராதலால், மற்றவர்கள் கோயிலையும் யானையையும் பார்த்துக்கொண்டிருக்க இவர் வெளவால் குகைகளுக்குள் நுழைந்தார். தும்பறைப் பகுதியின் மேமூறைக்கு அருகே உள்ள குகையை அவர் விவரித்திருக்கிறார். வருடத்தில் ஆறு மாதம் 16 பேர் அங்கே வேலை செய்தார்கள். உப்புப் பூத்த பாறையைச் சிறு கோடரிகளாற் கொத்தி, இடித்து, மரச்சாம்பலோடு கலந்து, பாயில் வடித்து, மட்பாண்டத்திலே காய்ச்சி எடுத்தார்கள். ஒவ்வொருவரும் அரண்மனைக் களஞ்சியத்துக்கு ஒரு சுமை கொடுக்கவேண்டும். இராசகாரியம் அது, கூலி கிடையாது.

சாம்பல் எதற்கு? குகை மண்ணிலே உள்ள உப்பிற் பெரும்பகுதி சுண்ணாம்போடு சேர்ந்தது. காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சிக் கசிந்துபோகும். சாம்பலின் காரம் அதை நல்ல வெடியுப்பாக மாற்றிவிடுகிறது. இதை அந்தப் பதினாறு பேருக்கும் எந்தக் கல்லூரியும் கற்பிக்கவில்லை. வருடத்திற் பாதி நாள் மழையில் நனையும் மலைநாட்டிலே ஈரம் பிடிக்காத மருந்து இல்லையேல் துவக்கு வெறும் இரும்புத் தடி. அரசர்களின் பெயர்களையும் அதிகார்களின் பெயர்களையும் நாம் மனனம் செய்கிறோம். இந்தப் பதினாறு பேரில் ஒருவனின் பெயரும் நம்மிடம் இல்லை.

உப்பையும் கந்தகத்தையும் கரியையும் தட்டையான கற்களுக்கிடையே அரைத்தோ, நெல்லுக் குற்றும் உரலில் இடித்தோ மருந்து செய்தார்கள் என்கிறார் டேவி. துவக்குக்கு வேறு, பீரங்கிக்கு வேறு என்று அவர் பிரித்துச் சொல்லவில்லை. வீட்டு உரலில் இடிக்கும் மருந்தை மணிமணியாகச் சலித்துத் தரம் பிரிப்பது எங்ஙனம்? ஆகவே மாணவனின் கேள்விக்கு விடை, ஆம், ஒரே மருந்துதான் என்பதே எனது துணிபு. அப்படியாயின் பீரங்கி ஏன் பிளக்கவில்லை? பீரங்கியைச் சிறிதாக வைத்துக்கொண்டார்கள். துவக்குக்கு ஏற்ற மருந்தைக் கொடிதுவக்குவவும் தாங்கும். மாறவேண்டியது அளவு மட்டுமே. ஆயுதத்துக்கேற்ற மருந்தைத் தேடியவர்கள் ஐரோப்பியர். கையில் உள்ள ஒரே மருந்துக்குள் அடங்கும்படி ஆயுதத்தை வைத்துக்கொண்டவர்கள் கண்டியர். மலைப்பாதை ஒடுக்கம் என்பதே முதற் காரணமாக இருந்திருக்கலாம்; அதனால் மருந்துச் சிக்கலும் தீர்ந்தது என்று கொள்வோம்.

ஆனால் கந்தகச் சிக்கல் தீரவில்லை. 1765இல் ஒல்லாந்தர் கண்டிக்குள் புகுந்து கொள்ளையிட்டார்கள். மறு ஆண்டு செய்த உடன்படிக்கையினால் கரையோரம் முழுவதும் அவர்கள் வசமாயிற்று. அதன்பின் மன்னனுக்கென்று ஒரு துறைமுகமும் இல்லை. உணவுப்புக்கு மட்டுமா அவன் பிறர் கையை எதிர்பார்த்திருப்பான்? குகையிலே எத்தனை சுமை வெடியுப்பு விளைந்தாலும் கந்தகம் வராவிட்டால் உரல் சும்மா கிடக்க வேண்டியதுதான். 1815இலே இராச்சியம் வீழ்ந்ததற்குக் கூறப்படும் காரணங்களின் நீண்ட பட்டியலில் இதையும் ஓரத்தில் எழுதிவைக்கலாம் என்பேன். அடுத்த பத்தாண்டுகளுக்குள் ஆங்கிலேயர் கடுகண்ணாவைப் பாறையைக் குடைந்து வீதி போட்டார்கள். அக்காலத்திலே பாறை உடைக்கவும் உலகெங்கும் கருமருந்தைத் தவிர வேறு வெடி கிடையாது.

1765இல் ஒல்லாந்தர் எடுத்துச் சென்ற பொருள்களில் ஒன்று லெவ்கே திசாவை மன்னனுக்கு அளித்த பீரங்கி. வெண்கலத்தாலானது, பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் இழைத்தது. ஆம்ஸ்ரடாம் நூதனசாலையிலே நெடுங்காலம் இருந்து, 2023ஆம் ஆண்டு டிசம்பரிலே நாட்டுக்குத் திரும்பியது. கொழும்பிலே அதைப் பார்த்தபோது கூட்டம் மாணிக்கக் கற்களை எண்ணிக்கொண்டிருந்தது. நான் குனிந்து அதன் வாயைப் பார்த்தேன். காவலர் விலகி நிற்கச் சொன்னார்.

பிலிமத்தலாவைக் கடையில் அந்த மாணவன் தனது பித்தளைப் பீரங்கியை வாங்கியே விட்டான். பேருந்திலே வரும்போது அதன் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தான். விரல் நுனிக்கு மேலே போகவில்லை. உள்ளே அடைத்தே வார்த்திருந்தார்கள்.